சீனத்துப் பாவாடை: ஒரு மடிப்பின் விலை

ஆடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் அழகிலிருந்தே தொடங்குவர். நாம் அளவிலிருந்து தொடங்குவோம். ஒரு பெண் உடுத்தும் பாவாடைக்கு எவ்வளவு துணி போதும்?

தையற்கடையில் கேட்கத்தக்க கேள்வி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. சீன நாட்டில் பேரரசர்கள் இக்கேள்விக்காக ஆணைகள் பிறப்பித்தனர். அமைச்சர்கள் மன்றாடினர். ஆளுநர்கள் பாவாடையின் நீளத்தை அளந்து அரசவைக்கு அறிக்கை அனுப்பினர். ஈராயிரம் ஆண்டுகளாக அந்நாட்டுப் பாவாடை, உடுத்துபவள் ஒருத்தி, நெய்பவள் வேறொருத்தி என்னும் உலகியலைத் தன் மடிப்புகளுக்குள் வைத்துக் காத்து வந்திருக்கிறது. அம்மடிப்புகளைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

மேலும் கீழும்

ஆடை என்பதற்குச் சீன மொழியில் வழங்கும் பழஞ்சொல் ‘யீஷாங்’. ‘யீ’ என்பது மேலாடை. ‘ஷாங்’ என்பது கீழாடை. தொன்மைக் காலத்தில் கீழாடை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவே இருந்தது. மேலாடையையும் கீழாடையையும் வகுத்து உடுத்தியதைப் புராண கால மன்னர்களின் நல்லாட்சியோடு இணைத்துப் பேசுகின்றன அவர்தம் பழைய நூல்கள். உடையில் ஒழுங்கு இருப்பின் உலகிலும் ஒழுங்கு இருக்கும் என்பது அவர்கள் கொண்ட நம்பிக்கை. காலப்போக்கில் ஆடவர் நீண்ட அங்கிக்கும் காற்சட்டைக்கும் மாறினர். சடங்கு உடையில் மட்டுமே கீழாடை அவர்களிடம் எஞ்சியது. அன்றாட வாழ்வில் அது பெண்டிர்க்கே உரியதாகி, ‘ச்சுன்’ என்னும் பெயரில் நிலைபெற்றது.

1972ஆம் ஆண்டு ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துய் என்னுமிடத்தில் கல்லறை ஒன்று அகழப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சின் ஜூய் என்னும் சீமாட்டியின் கல்லறை அது. அவள் உடல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியாதிருந்தது கண்டு உலகம் வியந்தது. அவளுடன் வைக்கப்பட்டிருந்த ஆடைகளுள் ஒன்று, 49 கிராம் எடையே உள்ள மெல்லிய பட்டு அங்கி. அதன் புகழொளியில் அவ்வளவாகக் கவனம் பெறாது போனவை, அங்கே கிடைத்த இரண்டு பாவாடைகள்.

மேலே குறுகிக் கீழே அகன்ற நான்கு பட்டுத் துண்டுகளை இணைத்து அவை தைக்கப்பட்டிருக்கின்றன. இடுப்புப் பட்டையின் இரு முனைகளும் நீண்டு, கட்டும் நாடாக்களாகப் பயன்படுகின்றன. கரை என்று தனியாக ஒன்றும் தைக்கப்படவில்லை. செல்வச் செழிப்பில் வாழ்ந்த ஒரு பிரபுவின் மனைவி, தன் மறுமைப் பயணத்திற்கெனப் பெற்ற பாவாடை நான்கே துண்டுகளால் ஆனது! இந்த நான்கு என்னும் எண்ணை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரு அரசியர்

ஹான் வமிசத்து அரண்மனை நமக்கு இரண்டு பாவாடைகளின் கதையை விட்டுச் சென்றிருக்கிறது. ஒன்று புனைவு, மற்றொன்று வரலாற்று நூலில் பதிவான செய்தி.

செங் பேரரசரின் (கி.மு. 33-7) அரசி ஜாவ் ஃபெய்யான் நடனத்திற் பெயர் பெற்றவள். அரண்மனைப் பொய்கையின் நடுவே அவள் ஆடிக்கொண்டிருந்தபோது பெருங்காற்று வீசிற்றாம். வானுலகுக்கே பறந்துவிடுவாளோ என்று அஞ்சிய பேரரசர், அவளைப் பற்றிப் பிடிக்கச் செய்தாராம். பிடித்த இடமெல்லாம் பாவாடை கசங்கி மடிப்பு மடிப்பாகி நின்றது. அன்று முதல் அந்தப்புரப் பெண்டிர் தம் பாவாடைகளையும் வேண்டுமென்றே மடித்து உடுத்தினர் என்றும், அதற்குத் ‘தேவதையைத் தடுத்த பாவாடை’ என்று பெயர் வந்தது என்றும் பிற்காலத்தார் கதை புனைந்தனர். கொசுவம் வைத்த பாவாடைக்குச் சீனர் சொல்லும் தோற்றக் கதை இதுவே.

மற்றொரு பாவாடை, பிற்கால ஹான் வமிசத்து மா பேரரசியுடையது. கி.பி. 79இல் மறைந்த இவ்வரசி பெரும் படைத்தலைவர் ஒருவரின் மகள். இவர் முரட்டு நூலால் நெய்த துணியையே உடுத்தினார் என்றும், பாவாடைக்குக் கரை வைத்துத் தைக்கவில்லை என்றும் அவ்வமிசத்தின் வரலாற்று நூல் குறித்துள்ளது. அரசியை வணங்க வந்த மகளிர், தொலைவிலிருந்து பார்த்து அஃது அரிய பட்டு என்று எண்ணினராம். அருகில் வந்து உண்மை அறிந்ததும் நகைத்தனராம். அரசியோ சினங்கொள்ளாமல், இத்துணியில் சாயம் நன்றாகப் பிடிக்கிறது, அதனால் உடுத்துகிறேன் என்று கூறி அமைந்தாராம்.

என்ன நயமான மறுமொழி! தம் எளிமையையே விளம்பரமாக்கிக் கொள்ளாத எளிமை அது. பிறருக்கு அறிவுரை சொல்லாமல், தாம் உடுத்திக் காட்டினார் அவர். பின்னர் வந்த பேரரசர்கள் ஆணையால் செய்ய முயன்றதை இந்த அம்மையார் ஒரு பாவாடையால் செய்துவிட்டார் எனலாம்.

தறியின் கணக்கு

தாங் வமிசத்தின் காலம் (கி.பி. 618-907) சீனத்தின் பொற்காலங்களுள் ஒன்று. பாவாடையை மார்புக்கு மேல் உயர்த்திக் கட்டி, தரையிற் புரளவிடுவது அக்காலத்து மகளிரின் வழக்கம். பாரசீக நிலத்திலிருந்து வந்த மாதுளையின் பெயரால் வழங்கிய செந்நிறப் பாவாடை அன்று பெரும் மோகத்தை விளைத்தது. குசும்பாப் பூவிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தனர். இரு வண்ணத் துணிகளைப் பட்டை பட்டையாக வெட்டி மாற்றி மாற்றித் தைத்த பாவாடையும் பரவியது. பட்டைகளின் எண்ணிக்கை ஏற ஏற உழைப்பும் ஏறிற்று. 681ஆம் ஆண்டு காவ்சோங் பேரரசர் ஓர் ஆணையில், தமக்கு நிகரான பேரரசியே ஏழு பட்டைப் பாவாடையோடு நிறைவடைகிறாரே என்று எடுத்துக்காட்டிக் குடிமக்களைச் சிக்கனத்திற்கு அழைத்தார்.

ஒரு பேரரசர் பாவாடையின் பட்டைகளை எண்ணுவானேன்? விடை வரி முறையில் இருக்கிறது.

தாங் ஆட்சியின் முதற் பகுதியில் குடிமக்கள் தானியமாகவும் உழைப்பாகவும் துணியாகவும் வரி செலுத்தினர். பட்டு நெய்யும் பகுதிகளில், வரி செலுத்தும் ஆடவன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு இரண்டு ‘ஜாங்’ பட்டு தரவேண்டும். அஃது ஏறத்தாழ ஆறு மீட்டர். அன்றைய தறித்துணியின் அகலம் அரை மீட்டருக்குச் சற்று மிகுதி. வரி ஆடவன் பெயரில் இருந்தது; தறியில் அமர்ந்தவர்களோ பெரும்பாலும் அவன் வீட்டுப் பெண்கள்.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். மார்பிலிருந்து தரை வரை நீளும் ஒரு பாவாடைக்குத் துண்டு ஒன்றுக்கு ஒன்றேகால் மீட்டர் அளவு வேண்டும். ஐந்து துண்டு வைத்துத் தைத்தால் ஆறு மீட்டருக்கும் சற்று மேலாகிறது. அதாவது, ஐந்து துண்டுப் பாவாடை ஒன்று, ஓர் உழவர் குடும்பம் ஓர் ஆடவனுக்காக அரசுக்குச் செலுத்தும் ஓராண்டுப் பட்டு வரிக்கு ஈடு! ஆறாவது துண்டையும் ஏழாவது துண்டையும் சேர்க்கும் சீமாட்டி, முகம் அறியாத மற்றொரு பெண்ணின் தறியிலிருந்து அவற்றை எடுக்கிறாள் என்பதே பொருள்.

துணிக்கே இந்நிலை எனில், துணியைத் தாண்டிச் சென்ற ஆசைக்கு என்ன விலை? ஜொங்சோங் பேரரசரின் மகள் ஆன்லெ இளவரசி பறவைகளின் இறகுகளை இழையாக்கிப் பாவாடை நெய்வித்தாள். நேரே பார்த்தால் ஒரு நிறம். பக்கவாட்டில் பார்த்தால் வேறொரு நிறம். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. நூறு பறவைகளின் உருவங்கள் அதில் தோன்றினவாம். அரசகுலத்தாள் உடுத்தியதை அதிகாரிகளின் மனைவியர் விரும்பினர்; அவர்களைக் கண்டு மற்றவரும் விரும்பினர். மலைகளில் அழகிய இறகுள்ள பறவைகள் ஏறக்குறைய வேட்டையாடித் தீர்க்கப்பட்டன என்று வரலாற்று நூல் வருந்துகிறது. இளவரசி 710இல் அரண்மனைப் புரட்சியிற் கொல்லப்பட்டாள்.

அடுத்து அரியணை ஏறியோருள் சுவான்சோங் பேரரசர், 714ஆம் ஆண்டில் அரண்மனையின் ஆடம்பரப் பொருள்களைக் குவித்துத் தீயிடச் செய்தார். அதன்பின் பறவை வேட்டை ஓய்ந்தது. பாராட்டத்தக்க செயலே. ஆயினும் அதே பேரரசரின் முதுமைக் காலத்தில், அவர் உள்ளங்கவர்ந்த யாங் குய்ஃபெய் என்பவளுக்காக மட்டும் நெசவும் பூத்தையலும் செய்ய எழுநூறு தொழிலாளர் அமர்த்தப்பட்டிருந்தனர். 755இல் வெடித்த ஆன் லுஷான் கலகம் அந்தக் கனவு மாளிகையைக் கலைத்தது. தீயில் எரிந்தது பட்டுத்தானே தவிர ஆசை எரியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட வென்சோங் பேரரசர் மீண்டும் சட்டத்தை நாடினார். பாவாடை ஐந்து துண்டுக்கு மேற்படலாகாது. தரையிற் புரள்வது மூன்று ‘சுன்’, அதாவது ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று ஆணையிட்டார். மக்கள் முணுமுணுத்தனர். தலைநகரின் ஆட்சியாளர் கெடுவைத் தளர்த்தினார். ஆணை செயலுக்கு வராமலே போயிற்று. 839இல் ஹுவாய்நான் பகுதியை ஆண்ட லி தெயூ என்பார் மட்டும், தம் பகுதிப் பெண்டிரின் பாவாடைகள் நான்கைந்து சுன் புரண்டு வந்ததாகவும் அதைக் குறைக்கச் செய்ததாகவும் அரசுக்குத் தெரிவித்தார். ஒரு பேரரசின் அதிகாரம் சில விரற்கடைத் துணியோடு மல்லுக்கு நின்றது!

ஜைத்தூன் துறைமுகத்து மகள்

சுங் வமிசத்தின் காலத்தில் பாவாடை மெலிந்தது; அதன் மடிப்புகள் நுண்மையாயின. 1975இல் ஃபூஜியான் மாநிலத்து ஃபூஜோ நகரில் ஓர் இளம்பெண்ணின் கல்லறை கண்டெடுக்கப்பட்டது. பெயர் ஹுவாங் ஷெங். அரசகுலக் கிளையொன்றில் மணமாகி, 1243இல் தன் பதினேழாம் வயதில் மறைந்தவள். அவளுடன் புதைந்திருந்த ஆடைகளும் துணிகளும் முந்நூறுக்கு மேற்பட்டவை. கையில்லாத மேலாடை ஒன்றின் எடை 16.7 கிராம் மட்டுமே. பாவாடைகளில் நுண்ணிய கொசுவம் வைத்தவையும் உண்டு, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மறைத்துக் கட்டுபவையும் உண்டு. பிற்காலத்தில் பெயர்பெற்ற சீனப் பாவாடையின் சாயல் இவற்றிலேயே தென்படத் தொடங்குகிறது.

இப்பெண்ணின் தந்தை, சுவான்ஜோ துறைமுகத்தின் கடல்வணிக மேற்பார்வையாளராகப் பதவி வகித்தவர். அந்தத் துறைமுகம் நமக்கு அயலானதன்று. அரபு வணிகர்கள் அதனை ஜைத்தூன் என்று அழைத்தனர். கி.பி. 1009இல் எழுப்பப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறும் பள்ளிவாசல் அங்கே இன்றும் நிற்கிறது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அந்நகரில் கிடைத்துள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இப்னு பதூதா, அவ்வூரின் பெயராலேயே வழங்கப்பட்ட பட்டின் சிறப்பைக் குறித்திருக்கிறார். ஒரு சிறுமியின் பேழை நிறைந்ததற்கும், நம் கடற்கரைகளைத் தொட்டுச் சென்ற மரக்கலங்களுக்கும் இடையே அந்தத் துறைமுகத்தின் வளமே பாலமாக இருந்தது. பதினேழு வயதுக்குள் அத்துணை ஆடைகளையும் அவள் எத்தனை முறைதான் உடுத்தியிருக்கக் கூடும்?

குதிரை முகமும் குதிரை வாலும்

மிங் வமிசத்தின் காலத்தில் (1368-1644) சீனப் பாவாடை தன் முழு வடிவத்தைப் பெற்றது. அதனை ‘மாமியான்ச்சுன்’ என்பர். ‘குதிரைமுகப் பாவாடை’ என்பது சொல்லுக்குச் சொல் பொருள். முன்னும் பின்னும் மடிப்பில்லாத தட்டையான முகப்பு. இரு பக்கங்களிலும் கொசுவம். கோட்டை மதிலிலிருந்து முன்னோக்கிப் புடைத்து நிற்கும் கொத்தளத்தையும் சீனர் குதிரைமுகம் என்றே அழைப்பர்.

அதன் அமைப்பு எளிய அறிவுக்கு எடுத்துக்காட்டு. இரண்டு தனித்தனித் துணிகள். ஒவ்வொன்றின் இரு ஓரங்களும் தட்டை, நடுப்பகுதி கொசுவம். இவ்விரண்டையும் ஒரே இடுப்புப் பட்டையில், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இணைத்தனர். முகப்புகள் நான்கு, கண்ணுக்குத் தெரிபவை இரண்டு. பட்டு வழுக்கும் ஆதலால் இடுப்புப் பட்டையைப் பருத்தியில் வைத்தனர். சுற்றிக் கட்டுவதாதலின், உடல் பருத்தாலும் இளைத்தாலும் அதே பாவாடை போதும். தாய் கட்டியதை மகளும் கட்டலாம். அவிழ்த்து விரித்தால் தட்டையாகப் படியும். மடித்துப் பேழையில் வைத்தால் இடம் அடைக்காது.

இத்தகைய சீரிய ஆடையைக் கண்டுபிடித்த அதே காலம் ஒரு வேடிக்கையையும் கண்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குதிரைவால் மயிரால் நெய்த உட்பாவாடை ஒன்று கொரிய நாட்டிலிருந்து தலைநகர் பீஜிங்கிற்கு வந்தது. அதை உள்ளே உடுத்தினால் மேலாடை குடைபோல் விரிந்து நிற்கும். இந்த மோகத்தில் வீழ்ந்தோர் பெண்டிர் என்று எண்ணிவிடலாகாது. வணிகரும் செல்வச் சிறுவர்களும் தொடங்கினர். அதிகாரிகளும் அமைச்சர்களும் தொடர்ந்தனர். அக்காலத்து அதிகாரி லூ ரோங் தம் குறிப்புகளில், பேரமைச்சர் ஒருவர் கோடையிலும் குளிரிலும் அதனைக் கழற்றியதே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். உள்ளூரில் நெய்யத் தொடங்கியதும், படைக் குதிரைகளின் வால்மயிரைத் திருடுவோர் பெருகினர். அடுத்த பேரரசரின் ஆட்சித் தொடக்கத்தில் அது தடை செய்யப்பட்டது. அன்று பறவைகள் கொடுத்த விலையை இன்று குதிரைகள் கொடுத்தன. ஆடம்பரம் பெண்ணின் குணம் என்று பேசுவோர் இந்தப் பக்கத்தையும் படித்தல் நன்று.

மடிப்பு தரும் விடுதலை

மடிப்புகளைப் பழித்துரைப்பது மட்டுமே நம் நோக்கமன்று. பதினேழாம் நூற்றாண்டு எழுத்தாளர் லி யூ, 1671இல் வெளியான தம் நூலில் பாவாடையைப் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். கொசுவம் மிகுந்தால் கால் தட்டாமல் நடக்கலாம். குறைந்தால் விலங்கு பூட்டியது போலாகும் என்பது அவர் கருத்து. வீட்டில் உடுத்த எட்டுத் துண்டு போதும், வெளியே செல்லப் பத்து வேண்டும் என்று அவர் அளவும் சொல்கிறார். ஆனால் ஒரே மடிப்புக்குள் ஐந்து வண்ணங்களையும் அடக்கும் ‘நிலவொளிப் பாவாடை’ அன்று புதுமையாகப் பரவியபோது அவர் அதனை ஏற்கவில்லை. மற்றப் பாவாடையைப் போல் பத்து மடங்கு உழைப்பும் பொருளும் அதில் வீணாகின்றன என்று கடிந்தார்.

தேவைக்கும் வீண்விரயத்திற்கும் இடையே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்தல் அரிது. நடக்க உதவும் மடிப்பு தேவை. பார்ப்பவர் கண்ணுக்காக மட்டும் பத்துப் பெண்களின் உழைப்பை விழுங்கும் மடிப்பு விரயம்.

1644இல் மஞ்சூரியர் பீஜிங்கைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே ஹான் இன ஆடவர் முன்தலையை மழித்துப் பின்னல் விடவேண்டும் என்று ஆணை பிறந்தது. மறுத்தவர் தலை இழந்தனர். ஆடவரின் பழைய உடையும் மறைந்தது. ஆனால் பெண்டிரின் உடை தப்பியது. நீண்ட ஒற்றை அங்கி அணிந்த மஞ்சூரியப் பெண்களுக்கு நடுவே, ஹான் பெண்கள் சட்டையும் பாவாடையுமாகவே மேலும் இருநூற்றறுபது ஆண்டுகளைக் கடந்தனர். வாளால் காக்க முடியாத மரபை வீட்டுப் பேழை காத்துக் கொடுத்தது.

எனினும் அப்பாவாடை விடுதலையின் கொடியாக மட்டும் இருந்ததில்லை. மங்கலநாளில் சிவப்புப் பாவாடை கட்டும் உரிமை முறைப்படி மணந்த முதல் மனைவிக்கே. காமக்கிழத்திக்கு அது மறுக்கப்பட்டது. கைம்பெண்ணுக்குக் கருநிறம். பணிப்பெண்ணுக்கோ பாவாடையே இல்லை, காற்சட்டையோடு நின்றாள். ஆகவே ஒருத்தி வாசலில் நுழையும்போதே, அவள் யார் என்பதைப் பாவாடை சொல்லிவிடும். கட்டி ஒடுக்கப்பட்ட பாதங்கள் அதன் கரைக்குக் கீழே மறைந்திருந்தன. நற்குடிப் பெண் நடக்கையில் கொசுவம் மிக மெல்லவே அசைய வேண்டும் என்னும் கட்டுப்பாட்டையும், மணமகளின் பாவாடை நாடாக்களில் கட்டிய மணிகள் மெல்லவே ஒலிக்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஐலீன் சாங் 1943இல் எழுதிய கட்டுரையில் நினைவுகூர்கிறார். நடப்பதற்காக வைத்த மடிப்பே நடையை அளக்கும் கோலாக மாறிவிட்டது!

மீண்டும் ஒரு வருகை

1911இல் புரட்சி வெடித்தது. 1912இல் குடியரசு வகுத்த உடைச் சட்டம், பெண்களின் விழாவுடையாகப் பக்கக் கொசுவம் வைத்த அதே பாவாடையை ஏற்றது. ஆனால் காலம் சட்டத்திற்குக் காத்திருக்கவில்லை. பாதங்களைக் கட்டாத மாணவியர் கணுக்காலுக்கு மேல் நிற்கும் எளிய கறுப்புப் பாவாடையோடு தெருவில் இறங்கினர். பின்னர் ‘ச்சீபாவ்’ என்னும் ஒற்றை அங்கி நகரங்களை ஆட்கொண்டது. குதிரைமுகப் பாவாடை பேழைக்கும் அருங்காட்சியகத்திற்கும் போயிற்று.

இந்த நூற்றாண்டில் அது மீண்டும் வெளியே வந்திருக்கிறது. 2022 ஜூலையில், டியோர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 29,000 யுவான் விலையில் விற்ற பாவாடை ஒன்று தம் குதிரைமுகப் பாவாடையின் சாயலே என்று கூறி, சீன மாணவர்கள் பாரிசில் அதன் கடைக்கு முன் திரண்டனர். அந்நிறுவனமோ அதனைத் தன் தனி வடிவம் என்று அறிமுகப்படுத்தியிருந்தது. பாட்டிமார் மறந்த ஆடையைப் பேத்திகள் தேடத் தொடங்கினர். ஷாண்டோங் மாநிலத்துச் சாவ் வட்டம் இப்பாவாடைகளைத் தைக்கும் பெரும் மையமாயிற்று. 2024 புத்தாண்டுக்கு முன் அங்கிருந்து 30 கோடி யுவானுக்கு மேல் விற்பனையானதாகச் செய்திகள் வந்தன. பூவேலையை இன்று பெரும்பாலும் எந்திரங்கள் செய்கின்றன. அன்று அரசியரும் எட்டாத அலங்காரத்தை இன்று கடைப்பணிப்பெண்ணும் உடுத்துகிறாள். இது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் பழைய கேள்வி அழியவில்லை. அரசர்களின் ஆணைகள் துண்டுகளை எண்ணின; மடிப்பின் விலையை யார் கொடுக்கிறார் என்பதை எண்ணவில்லை. அதனால்தான் அவை தோற்றன. ஐந்து துண்டுச் சட்டமும், 714இல் மூட்டிய தீயும், குதிரைவால் தடையும் ஏட்டிலே முடிந்தன. நிலைத்து நின்றதோ, எந்த இடுப்புக்கும் பொருந்தி, தாயிடமிருந்து மகளுக்குச் செல்லக்கூடிய அந்தச் சுற்றுப் பாவாடை. அதனை எந்த அரசனும் வகுக்கவில்லை. பருத்திப் பட்டையையும் பட்டுக் கொசுவத்தையும் இணைக்கத் தெரிந்த பெயரறியாப் பெண்களின் கைகளே வகுத்தன.

கரையில்லாத பாவாடையைக் கண்டு நகைத்த மகளிரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. உடுத்தியவரின் பெயரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். புதுத்துணி வாங்கக் கடைக்குச் செல்லும் நாளில், அத்துணியைப் பார்ப்பவர் யார் என்று எண்ணுவதோடு, அதை நெய்தவர் யார் என்றும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. போதும் என்னும் அளவு அப்போது தானே புலப்படும்.